காலியாக்கப்பட்ட நிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணை: சார்லஸ் குட்நைட், ஒரு நிகழ்வு ஆய்வு

1877 ஜூன் 18 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் இரண்டு பேர் ஒரு கூட்டு ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவர் ஜான் ஜார்ஜ் அடேர், அயர்லாந்தின் பெரிய நிலக்கிழார். மற்றவர் சார்லஸ் குட்நைட். வயது 41, பள்ளிக்கூடம் போனது மொத்தமே ஆறு மாதம். கையில் மந்தை இருந்தது, பணம் இல்லை. முதல் முழுவதும் அடேருடையது, அதற்கு 10 சதவீத வட்டி. நிர்வாகம் குட்நைட்டுடையது, அதற்கு ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம். ஐந்து ஆண்டு முடிந்ததும் முதலையும் வட்டியையும் எடுத்து வைத்துவிட்டு, மிஞ்சுவதில் அடேருக்கு இரண்டு பங்கு, குட்நைட்டுக்கு ஒரு பங்கு. பண்ணைக்குப் பெயர்கூட முதல் போட்டவரின் முதலெழுத்துகள்தான்: ஜே.ஏ.

எட்டு ஆண்டு கழித்து, 1885இல், அந்தப் பண்ணையின் பரப்பு 13,25,000 ஏக்கர். ஏறத்தாழ 5,360 சதுர கிலோமீட்டர். மாடுகள் ஒரு லட்சத்துக்கு மேல். டெக்சாஸ் மாநிலத்தின் வடமூலையான பேன்ஹேண்டில் பகுதியில் நிலையாக அமைந்த முதல் பண்ணை அது.

கடிதம் எழுத மனைவியின் கையை நம்பியிருந்த ஒருவரால் இது எப்படி முடிந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வீரம், குதிரை, துப்பாக்கி. குட்நைட்டிடம் மூன்றும் இருந்தன, ஆனால் அந்தக் காலத்து டெக்சாஸில் அவை இல்லாதவர்தான் அபூர்வம். அவரிடம் கூடுதலாக இருந்தது, யாரோடு எப்போது உட்கார்ந்து பேச வேண்டும் என்ற கணக்கு. அதோடு, அவர் கால் வைத்த இடம் ஒவ்வொன்றும் அவர் வருவதற்குச் சற்று முன்பு வேறு யாராலோ காலியாக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஜே.ஏ. பண்ணையின் வரவு செலவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

நாலுக்கு ஒரு கன்று

குட்நைட் 1836 மார்ச் 5 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தை இறந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்டார், குடும்பம் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதுப் பையன் அந்த நெடுவழியைச் சேணம் இல்லாத குதிரை முதுகில் கடந்தான்.

1856இல் தன் மாற்றாந்தந்தை வழி உறவுச் சகோதரர் ஜான் வெஸ்லி ஷீக்குடன் சேர்ந்து, பிறருடைய சுமார் 400 மாடுகளை மேய்த்துக் கொடுக்கும் வேலையை எடுத்தார். கூலியாகப் பணம் கிடையாது, பிறக்கும் நாலு கன்றில் ஒன்று இவர்களுக்கு. நம் ஊரில் வாரத்துக்கு மாடு விடுவார்களே, அதே ஏற்பாடு. முதல் இல்லாதவன் மந்தை சேர்க்க அதைவிட நல்ல வழி அன்று இல்லை. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிறர் முதல், தன் உழைப்பு, விளைச்சலில் பங்கு. 21 ஆண்டு கழித்து அடேரோடு போட்ட ஒப்பந்தத்திலும் அடிப்படை இதேதான். தொகைதான் மாறியது.

1857இல் மந்தையோடு பாலோ பின்டோ மாவட்டத்துக்கு நகர்ந்தார். அது குடியேற்றத்தின் விளிம்பு. அதற்கு மேற்கே கொமான்சி என்ற பூர்வகுடி மக்களின் நாடு. குட்நைட் எல்லைக்காவல் படையில் வழிகாட்டியாகச் சேர்ந்தார். 1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் ஒரு கொமான்சி முகாம் தாக்கப்பட்டபோது, அந்த முகாமின் தடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அங்கே பிடிபட்ட பெண் சிந்தியா ஆன் பார்க்கர். சிறுமியாக இருக்கும்போது கொமான்சிகளால் கொண்டு செல்லப்பட்டு, அவர்களிலேயே ஒருத்தியாக வளர்ந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானவர். ‘மீட்கப்பட்ட’ பிறகு வெள்ளையர் வாழ்க்கையில் அவரால் ஒட்டவே முடியவில்லை. அவருடைய மூத்த மகன் குவானா. அந்தப் பெயர் பின்னால் மறுபடி வரும்.

மற்றவர்கள் வடக்கே போனபோது

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. டெக்சாஸில் மாடு பெருகிக் கிடந்தது, பணம் இல்லை. தென்மாநிலங்களின் நோட்டு வெறும் காகிதமாகிவிட்டது. மூன்று நான்கு டாலருக்கு மாடு கிடைத்தாலும் வாங்க ஆள் இல்லை. அதே மாடு வட மாநிலங்களில் முப்பது நாற்பது டாலர். ஆகவே 1866இல் எல்லோரும் மிசூரியை நோக்கி வடக்கே மந்தைகளை ஓட்டினார்கள். அங்கே விவசாயிகள் ஆயுதத்தோடு வழிமறித்தார்கள், ஏனென்றால் டெக்சாஸ் மாடு வந்து போன இடத்தில் உள்ளூர் மாடுகள் காய்ச்சல் கண்டு செத்தன.

குட்நைட் மேற்கே திரும்பினார். வாங்குபவர் யார் என்று முதலில் யோசித்தார் என்பதுதான் இந்த முடிவில் முக்கியம். நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவத் தளம். அதை ஒட்டிய போஸ்க் ரெடோண்டோவில் நவஹோ என்ற பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். நவஹோக்கள் ஆட்டு மந்தை வைத்து வாழ்ந்தவர்கள். கிட் கார்சன் தலைமையில் வந்த படை அவர்களுடைய ஆடுகளைக் கொன்று, பயிரைக் கொளுத்தி, பீச் மரத் தோப்புகளை வெட்டிச் சாய்த்து, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து அங்கே கொண்டுவந்து சேர்த்தது. சேர்த்த இடத்தில் பயிர் விளையவில்லை. சொந்த மந்தையை அழித்த அரசே அவர்களுக்குச் சோறு போட வேண்டிய நிலை. அரசு மாட்டிறைச்சிக்குத் தவித்தது. இந்தத் தவிப்புதான் குட்நைட்டின் சந்தை.

கூட்டாளி கிடைத்தார்: ஆலிவர் லவிங். குட்நைட்டைவிட 23 வயது மூத்தவர், மாடு ஓட்டுவதில் பழுத்த அனுபவம். இருவருக்கும் இடையே எழுத்து மூலம் எதுவும் இல்லை. 1866 ஜூன் 6 அன்று ஃபோர்ட் பெல்க்னாப் அருகிலிருந்து 2,000 மாடுகள், 18 ஆட்களோடு புறப்பட்டார்கள்.

புறப்படும் முன் குட்நைட் செய்த ஒரு வேலை அவர் பெயரை இன்றுவரை நிறுத்தியிருக்கிறது. பழைய ராணுவ வண்டி ஒன்றை வாங்கி, அதை மிக உறுதியான போடார்க் மரத்தால் திருப்பிக் கட்டினார். வண்டியின் பின்புறத்தில் நிமிர்ந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே சிறு அறைகளும் இழுப்பறைகளும்: மாவு, காப்பிக்கொட்டை, பீன்ஸ், உப்பிட்ட பன்றி இறைச்சி, உலர்பழம், புளித்த மாவுக்கு ஒரு மரக்குடம், அப்புறம் கொஞ்சம் மருந்து. பெட்டியின் கதவு கீல் போட்டது. கீழே இறக்கி ஒரு காலை முட்டுக் கொடுத்தால் சமையல் மேசை. பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய். வண்டியின் அடியில் தொட்டில் மாதிரி கட்டிய மாட்டுத்தோல். போகிற வழியில் கிடைக்கும் சுள்ளியும் காய்ந்த சாணமும் அதில் சேரும். ‘சக்வேகன்’ என்று பெயர் பெற்ற இந்த நடமாடும் சமையலறை, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேற்குப் பகுதியின் எல்லா மந்தைகளோடும் போனது. முன்பெல்லாம் ஒவ்வொரு ஆளும் தன் தீனியைத் தன் சேணப்பையில் கட்டிக்கொண்டு போனான். சமையல்காரர் ஒருவர் முன்னால் போய் அடுப்பு மூட்டிக் காத்திருக்க ஆரம்பித்த பிறகு, பதினெட்டுப் பேரும் மாட்டைப் பார்த்தால் போதும் என்றாகிவிட்டது.

வழியில் பெரிய கண்டம், மத்திய காஞ்சோ ஆற்றுக்கும் பேகோஸ் ஆற்றுக்கும் நடுவே கிடந்த 80 மைலுக்கு மேற்பட்ட வறண்ட தரை. காஞ்சோவில் மாடுகளை வயிறு முட்டக் குடிக்க விட்டு, பிற்பகலில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அடுத்த மூன்று பகலும் மூன்று இரவும் கிடை போட முடியவில்லை. தாகமெடுத்த மாடு படுக்காது, திரும்பி நடக்கப் பார்க்கும். நாக்கு வெளியே தொங்க, விலா தெரிய நடந்தவை, பேகோஸின் ஈரவாடை பட்டதும் கட்டுமீறி ஓடின. ஹார்ஸ்ஹெட் கிராஸிங் என்ற அந்தத் துறையில் கரை செங்குத்து. பின்னால் வந்தவை முன்னால் போனவற்றின் மேல் விழுந்தன. வழியில் சுமார் 300 மாடு செத்தது, ஆற்றிலும் சகதியிலும் இன்னொரு 100.

கன்றுகளின் கதை இதைவிடக் கொடியது. வழியில் ஈன்ற கன்றுகளால் மந்தையோடு நடக்க முடியாது. தாய் கன்றை விட்டு வராது, திரும்பித் திரும்பி ஓடும். ஆகவே விடிந்ததும் அன்று பிறந்த கன்றுகளைக் கொன்றுவிட்டுப் புறப்படுவது வழக்கமானது. பின்னாளில் குட்நைட் இதற்கு ஒரு மாற்று கண்டார்: கன்றுகளுக்கென ஒரு வண்டி. பகலில் வண்டியில் ஏற்றி, மாலையில் தாயிடம் விடலாம். ஆனால் ஒரே வண்டியில் நெருக்கியடித்துக் கிடந்த கன்றுகளின் வாடை ஒன்றோடொன்று கலந்துவிட்டது. தாய் முகர்ந்து பார்த்து, ‘இது என்னுடையது இல்லை’ என்று உதைத்துத் தள்ளியது. ஆகவே ஒவ்வொரு கன்றுக்கும் தனிச் சாக்கு, சாக்குக்கு எண். நேற்று எந்தச் சாக்கோ இன்றும் அதே சாக்கு. மாட்டைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதற்கு 13 லட்சம் ஏக்கரைவிட இந்தச் சாக்கு நல்ல சாட்சி.

ஃபோர்ட் சம்னரில் ராணுவம் காளைகளையும் எருதுகளையும் உயிரெடையில் பவுண்டுக்கு எட்டு சென்ட் விலைக்கு எடுத்துக்கொண்டது. அன்றைய டெக்சாஸில் யாரும் கனவுகூடக் காணாத விலை. 12,000 டாலர், தங்கமாக. ராணுவம் வேண்டாம் என்ற பசுக்களையும் கன்றுகளையும் லவிங் வடக்கே கொலராடோவுக்கு ஓட்டிப் போய், ஜான் வெஸ்லி இலிஃப் என்ற மந்தைக்காரருக்கு விற்றார். குட்நைட் தங்கத்தைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக்கொண்டு, அடுத்த மந்தைக்காக டெக்சாஸ் திரும்பினார். ஒரு மழை இரவில் மின்னலுக்கு மிரண்ட கழுதை பிய்த்துக்கொண்டு ஓடியது. குட்நைட் கயிற்றைப் பிடித்தபடி இழுபட்டுப் போய் அதை நிறுத்தினார். தங்கம் தப்பியது, தின்பதற்கு வைத்திருந்தது அத்தனையும் சிதறிப் போனது. 12,000 டாலரை வைத்துக்கொண்டு பட்டினியாக நடந்தவர்களுக்குக் கடைசியில் எதிர்ப்பட்டது ஒரு தர்பூசணி வண்டி.

லவிங்கின் சவப்பெட்டி, ஐக்கார்டின் கல்லறை

1867 கோடையில், ராணுவ ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க லவிங், பில் வில்சன் என்ற ஆளோடு மந்தைக்கு முன்னே போனார். இரவில் மட்டும் பயணம் செய்யும்படி குட்நைட் கேட்டுக்கொண்டார். இரண்டு இரவுக்குப் பிறகு லவிங்குக்குப் பொறுக்கவில்லை, பகலில் கிளம்பினார். பேகோஸ் கரையில் கொமான்சிகள் சூழ்ந்துகொண்டார்கள். லவிங்குக்கு மணிக்கட்டிலும் விலாவிலும் குண்டு. ஒரு கை ஊனமான வில்சன் இரவில் ஆற்றில் இறங்கித் தப்பி, வெறுங்காலோடு நடந்து மந்தையை அடைந்தார். லவிங்கும் எப்படியோ தப்பி ஃபோர்ட் சம்னர் வந்து சேர்ந்தார். ஆனால் காயம் அழுகி, செப்டம்பர் 25 அன்று இறந்தார். அந்நிய மண்ணில் தன்னைப் புதைத்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

குட்நைட் மந்தையை விற்று முடித்துவிட்டு வந்து, புதைத்த உடலை எடுத்தார். எண்ணெய்த் தகர டப்பாக்களைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைத்து ஒரு பெட்டி செய்து, மரச் சவப்பெட்டியை அதற்குள் வைத்து, சுற்றிலும் கரித்தூள் அடைத்து, டெக்சாஸின் வெதர்ஃபோர்டு ஊர் வரை வண்டியில் கொண்டு சென்றார். எழுதப்படாத கூட்டுக்கு உரிய லாபப் பங்கும் லவிங் குடும்பத்துக்குப் போனது. ஏமாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. குட்நைட் என்றால் நாணயம் என்று மேற்குப் பகுதி முழுக்கப் பேச்சானது இதிலிருந்துதான். அந்தப் பெயர் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அவருக்குக் கடன் வாங்கிக் கொடுத்தது, கூட்டாளி தேடிக் கொடுத்தது.

இதே பாதையில் இன்னொருவர் இருந்தார். போஸ் ஐக்கார்ட், அடிமையாகப் பிறந்து போருக்குப் பின் விடுதலையான கறுப்பின இளைஞர். குட்நைட்டிடம் நான்கு ஆண்டு மாடு ஓட்டினார். மந்தை விற்ற பணத்தை, சில வேளை 20,000 டாலர் வரை, அவரிடம்தான் கொடுத்து வைப்பார்கள். கறுப்பனிடம் பணம் இருக்கும் என்று திருடன் நினைக்க மாட்டான் என்பது குட்நைட்டின் கணக்கு. பார்க்கப்போனால் ஐக்கார்டைவிட நம்பிக்கையான ஆள் தனக்கு இருந்ததில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். 1929 ஜனவரியில் ஐக்கார்ட் இறந்தபோது வெதர்ஃபோர்டில் கல் நாட்டியவரும் குட்நைட்தான். நாலு ஆண்டு தன்னோடு இருந்ததையும், கடமையிலிருந்து ஒருபோதும் ஒதுங்காததையும், கொமான்சிகளோடு மூன்று மோதல்களில் நின்றதையும் அதில் பொறித்தார். நல்ல கல்தான். ஆனால் பாதைக்கு வைத்த பெயர் குட்நைட்-லவிங் பாதை. லவிங்குக்கு லாபத்தில் பங்கு கிடைத்தது, ஐக்கார்டுக்குக் கூலி. குட்நைட்டின் நாணயத்தைப் பற்றிப் பேசும்போது அந்த நாணயம் யாருக்கு எந்த அளவில் செல்லுபடியானது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

பள்ளத்தாக்கு

1869 முதல் குட்நைட் கொலராடோவின் புவெப்லோ அருகே பண்ணை வைத்தார், பழத்தோட்டம் போட்டார், வங்கி தொடங்குவதில் கைகோத்தார். 1870இல் ஆசிரியையாக இருந்த மேரி ஆன் டையரை மணந்தார். 1873இல் நாட்டையே உலுக்கிய நிதி நெருக்கடியில் எல்லாம் போயிற்று. மிஞ்சியது கொஞ்சம் மாடு. அதற்குப் புல் வேண்டும், யாரும் கைவைக்காத புல்.

அப்படி ஒன்று இருந்தது. பாலோ டூரோ: பேன்ஹேண்டில் சமவெளி திடீரென்று பிளந்து, நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கும் செம்மண் பள்ளத்தாக்கு. நடுவில் ஆறு, குளிர்காற்று புகாத அடைப்பு, சுவர்களே வேலி. மந்தைக்காரனுக்குச் சொர்க்கம். கொமான்சிகளுக்கும் அப்படித்தான் இருந்தது. 1874 செப்டம்பர் 28 அன்று கர்னல் ரானல்டு மெக்கன்சியின் குதிரைப்படை அங்கே குளிர்காலத்துக்குத் தங்கியிருந்த கொமான்சி, கயோவா, செயென் முகாம்களைத் தாக்கியது. செத்தவர்கள் சிலர்தான். ஆனால் கூடாரங்களும் சேமித்த உணவும் எரிக்கப்பட்டன, பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டன. குதிரையும் உணவும் இல்லாமல் சமவெளியில் குளிர்காலம் தாண்ட முடியாது. 1875 கோடைக்குள் குவானா பார்க்கரின் கூட்டமும் சரணடைந்து, அரசு ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்துக்குப் போனது.

குட்நைட் 1,600 மாடுகளோடு பள்ளத்தாக்கில் இறங்கியது 1876 இலையுதிர்காலத்தில். வண்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கீழே இறக்கினார்கள். உள்ளே இன்னும் காட்டெருமைகள் (பைசன்) இருந்தன, அவற்றை விரட்டிவிட்டுத்தான் மாடுகளை விட முடிந்தது. இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு இது குடியிருந்தவர்களை வெளியேற்றிய வீட்டுக்குள் சூடு ஆறும் முன் குடிபுகுந்த மாதிரிதான் தெரிகிறது.

டென்வரில் அவர் தேடிப் பிடித்த முதலாளிக்கும் இந்த வேலை புதிதில்லை. 1861இல் அயர்லாந்தின் டோனகல் பகுதியில், டெரிவே என்ற இடத்தில், தன் குத்தகைதாரர்களில் 244 பேரை வீட்டைவிட்டுத் துரத்தி, அயர்லாந்து முழுக்கப் பெயர் கெட்டுப்போனவர் அடேர். அவருடைய அமெரிக்க மனைவி கொர்னீலியா வேறு மாதிரி. பின்னாளில் பண்ணையைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான்.

பள்ளத்தாக்கில் குட்நைட் வரிசையாகப் பேசி முடித்த உடன்பாடுகள்தான் இந்த ஆய்வின் மையம். முதலில் கசிமீரோ ரொமேரோ தலைமையில் நியூ மெக்சிகோவிலிருந்து வந்திருந்த ஆட்டு மந்தைக்காரர்கள். அவர்களுக்குக் கனேடியன் ஆற்றுப் படுகை, இவருக்குப் பாலோ டூரோ. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் வருவதில்லை. மேற்கில் ஆட்டுக்காரர்களும் மாட்டுக்காரர்களும் வெட்டிக்கொண்டு செத்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை. அடுத்து டச் ஹென்றி என்ற குதிரைத் திருடர் தலைவன். நேராகப் போய்ப் பார்த்து, ‘என் பக்கம் வராதே’ என்று பேசி, பிராந்தி குடித்து முடித்துக்கொண்டார். (தன் பண்ணையில் குடி, சூதாட்டம், சண்டை மூன்றையும் தடை செய்த மனிதர் இவர்.)

நிலம் வாங்கியதிலும் அதே தந்திரம். அடேரின் பணத்தில் முதலில் வாங்கியது வெறும் 12,000 ஏக்கர், ஏக்கர் 75 சென்ட். ஒரே துண்டாக வாங்கவில்லை. நீரூற்று இருக்கிற துண்டு, ஆற்றுத் துறை இருக்கிற துண்டு, பள்ளத்தாக்கில் இறங்கும் வழி இருக்கிற துண்டு என்று ஒட்டுத்துணி மாதிரி பொறுக்கி வாங்கினார். தண்ணீர் ஒருவன் கையில் இருந்தால் சுற்றியுள்ள வறண்ட நிலத்தை வேறு யார் வாங்கி என்ன செய்வது? 1882இல் முதல் ஒப்பந்தம் முடிந்தபோது முதலும் வட்டியும் போக லாபம் 5,12,000 டாலர்.

1878 குளிர்காலத்தில் குவானா பார்க்கர் தன் ஆட்களோடு பள்ளத்தாக்குக்கு வந்தார், காட்டெருமை வேட்டைக்காக. காட்டெருமை இல்லை. தோல் வேட்டைக்காரர்கள் நாலே ஆண்டில் தென்சமவெளியைத் துடைத்துவிட்டிருந்தார்கள். பசித்தவர்கள் ஜே.ஏ. மாடுகளை அடிக்க ஆரம்பித்தார்கள். குட்நைட் போய்ப் பேசினார். ‘இது எங்கள் நாடு என்று தெரியுமா?’ என்று கேட்டார்கள். டெக்சாஸ்காரர்களின் பெருந்தலைவரும் தனது என்கிறார், அதை அவரோடு தீர்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கே தீர்ப்பானால் நான் போய்விடுகிறேன் என்றார் குட்நைட். டெக்சாஸ்காரர்கள் மேல் கொமான்சிகளுக்கு இருந்த வெறுப்பு தெரியும் என்பதால் தான் கொலராடோக்காரன் என்றார். அவர்களோ விடாமல், கொலராடோவின் ஆறுகளையும் மலைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சோதித்தார்கள். தேறினார். கடைசியில் உடன்பாடு: காட்டெருமை கிடைக்கும்வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டு மாடு.

அந்த இடத்தில் இது புத்திசாலித்தனமான, ரத்தம் சிந்தாத ஏற்பாடு. மறுப்பதற்கில்லை. இருவரும் பின்னால் நண்பர்களாகவும் இருந்தார்கள். ஆனால் எதிரே இருந்தவரின் தாயைப் பிடித்த படைக்குத் தடம் காட்டியவர் இவர். எதிரே இருந்தவருக்கு வேட்டையும் இல்லை, திரும்பிப் போக ரிசர்வேஷன் தவிர வேறு இடமும் இல்லை. ஐந்து ஆண்டு முன்பு இதே பேச்சு நடந்திருந்தால் விலை இரண்டு மாடாக இருந்திருக்காது.

உண்ணியும் துப்பாக்கியும்

பேசி முடிக்க முடியாத ஒரு விஷயம் வந்தபோது குட்நைட் என்ன செய்தார் என்பதையும் பார்க்கலாம். 1880இல் மந்தைக்காரர்கள் சேர்ந்து பேன்ஹேண்டில் மாட்டுக்காரர் சங்கம் தொடங்கினார்கள். முதல் தலைவர் குட்நைட். மாட்டுத் திருட்டுக்கு எதிராகத் தொடங்கியது என்றாலும், தெற்கிலிருந்து வரும் மந்தைகள் இன்னொரு தலைவலி. டெக்சாஸ் காய்ச்சல். தென்டெக்சாஸ் மாடு பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். அது நடந்துபோன புல்லில் மேய்ந்த வட மாடு சில வாரங்களில் சாகும். உண்ணிதான் நோயைக் கடத்துகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் அறிவியல் முறையில் நிறுவியது 1893இல். அதற்கு முன்பே மந்தைக்காரர்கள் அனுபவத்தில் ஒன்றை அறிந்திருந்தார்கள்: தெற்கு மாடு வந்தால் நம் மாடு சாகும்.

ஆகவே 1881இல் குட்நைட்டும் அக்கம்பக்கத்தாரும் தெற்கு மந்தைகள் தங்கள் மேய்ச்சல் நிலத்துக்குள் வராமல் ஒதுக்குப்பாதை வகுத்து, மீறுவோரைத் தடுக்கத் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினார்கள். வின்செஸ்டர் என்ற துப்பாக்கியின் பெயரால், வின்செஸ்டர் தனிமைப்படுத்தல் என்று இதற்குப் பெயர் வந்தது. ரெனால்ட்ஸ் என்ற பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நட்புகூட உன் மந்தையை இங்கே காப்பாற்றாது என்று வெளிப்படையாகவே எச்சரித்தார். பதினைந்து ஆண்டுக்கு முன் மிசூரி விவசாயிகள் ஆயுதத்தோடு நின்ற இடத்தில் இப்போது அவர் நின்றார். சட்டப்படி அதற்கு அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மாடு வளர்ப்பவனாகப் பார்த்தால் வேறு வழியும் இல்லை.

வேலி விவகாரத்தில் அவருக்கு இவ்வளவு நியாயம் இல்லை. முள்கம்பி மலிந்ததும் பெரிய பண்ணைகள் தாங்கள் வாங்கிய துண்டுகளோடு, பள்ளிக்கூட நிதிக்கென்று மாநிலம் ஒதுக்கிய நிலங்களையும் சேர்த்து வளைத்தன. அரசு ஏக்கருக்கு எட்டு சென்ட் குத்தகை கேட்டது. மந்தைக்காரர்கள் நாலுதான் தருவோம் என்றார்கள். 1886இல் வழக்கு. குட்நைட் உட்படப் பலர் குற்றம்சாட்டப்பட்டார்கள். விசாரணை கிளாரண்டன் ஊரில். ஜூரிகளாக உட்கார்ந்தவர்களில் பலர் அவரிடமோ அவரைப் போன்றவர்களிடமோ வேலை பார்த்தவர்கள், உறவாடியவர்கள். விடுதலை.

1885இல் அடேர் இறந்தார். 1887இல் குட்நைட் கூட்டிலிருந்து விலகி, தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு, இரயில் பாதையை ஒட்டித் தனி வீடு கட்டினார். அந்த இடம் இப்போது குட்நைட் என்ற சிறு ஊர். மெக்சிகோ சுரங்கத்தில் பணம் போட்டுத் தொலைத்தது போன்ற பிற்கால முயற்சிகளை விட்டுவிடலாம். மாட்டைத் தாண்டி அவர் தொட்டது பெரும்பாலும் துலங்கவில்லை.

மாலியின் கன்றுகள்

மேரி ஆன், எல்லோருக்கும் மாலி, பள்ளத்தாக்குக்கு வந்தபோது பக்கத்து வீடு 75 மைல் தள்ளி. வேறு பெண்ணைப் பார்க்காமல் மாதக்கணக்கு. ஒருமுறை ஒரு கௌபாய் சாக்கில் மூன்று கோழிகளைக் கொண்டுவந்து கொடுத்தான், சமைக்கச் சொல்லி. மாலி அவற்றைச் சமைக்கவில்லை, வளர்த்தார். கூப்பிட்டால் ஓடிவரும், தான் பேசுவது அவற்றுக்குப் புரியும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1878இல், தோல் வேட்டைக்காரர்கள் தாய்களைச் சுட்டுவிட்டுப் போன பின் இரவில் கத்திக்கொண்டிருந்த காட்டெருமைக் கன்றுகளின் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லை. சிலவற்றைப் பிடித்துவரச் சொன்னார். நாட்டுப்பசுவின் மடியில் பால் குடித்து அவை வளர்ந்தன. பிறகு குட்நைட்டுக்கு அதில் தொழில் ஆர்வம் வந்தது. காட்டெருமையையும் மாட்டையும் கலந்து ‘கட்டலோ’ என்று ஓர் இனம் உண்டாக்கப் பார்த்தார். ஆண் கன்றுகள் மலடாகப் பிறந்து அது கைகூடவில்லை. ஆனால் தூய மந்தை 200ஐத் தாண்டியது. 1902இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் மந்தைக்கு இங்கிருந்து மூன்று ஆண் எருமைகள் போயின. நியூ மெக்சிகோவின் தாவோஸ் புவெப்லோ பூர்வகுடி மக்களுக்கும் அவர் காட்டெருமை கொடுத்தார். 1916இல் கயோவா மக்களைப் பண்ணைக்கு அழைத்து, ஈட்டியும் அம்பும் கொண்டு பழைய முறையில் வேட்டை நடத்த வைத்துப் படமும் எடுத்தார். திரண்டு வந்து வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு நடுவே கயோவாக்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

மாலி 1926இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. மறு ஆண்டு, தன் 91ஆம் பிறந்தநாளில், தன் குடும்பப் பெயரையே கொண்டிருந்த 26 வயதுக் கொரீன் குட்நைட்டை மணந்தார். 1929 டிசம்பர் 12 அன்று அரிசோனாவில் மறைந்து, மாலியின் பக்கத்தில் அடக்கமானார்.

கொர்னீலியா அடேரின் வழிவந்தவர்கள் கையில் ஜே.ஏ. பண்ணை, அளவில் பல மடங்கு குறைந்து, இன்றும் நடக்கிறது. பண்ணையில் திரிந்துகொண்டிருந்த மாலியின் காட்டெருமை வம்சத்தை 1997இல் டெக்சாஸ் அரசின் வனவிலங்குத் துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். கேப்ராக் கேன்யன்ஸ் மாநிலப் பூங்காவில் விடப்பட்ட அந்த மந்தையின் மரபணுவைச் சோதித்தபோது, தென்சமவெளிக் காட்டெருமையில் வேறெங்கும் மிஞ்சாத மரபுக் கூறுகள் அதில் தென்பட்டன. கூடவே, சில கன்றுகளிலிருந்தே பெருகிய மந்தை என்பதால் உள்ளினச் சேர்க்கை அதிகமாகி, கன்றுகள் சரியாகப் பிழைக்கவில்லை. 2003இல் நியூ மெக்சிகோவில் ஊடக முதலாளி டெட் டர்னரின் பண்ணையிலிருந்து மூன்று ஆண் எருமைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது.